ஃபீபியின் தூசி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சனியின் நிலாக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஃபீபியின் படத்தைப் பார்த்தேன். சுட்டுக் கரிந்த கிழங்கு மாதிரி இருக்கிறது. குறுக்களவு 213 கிலோமீட்டர்தான்; சரியான உருண்டைகூட இல்லை. இந்தப் பாறையை நிலா என்றால் அந்தச் சொல்லுக்கு என்ன மரியாதை? டைட்டனும் என்செலடஸும் இருக்க, இதற்கு எதற்கு நான்கு பத்தி?

க.

அன்புள்ள க.,

கோளைச் சுற்றினால் நிலாதான். செவ்வாயின் ஃபோபோஸ் இதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அதையும் நிலா என்றுதான் சொல்கிறோம். ஃபீபிக்கு நான்கு பத்தி போதாது என்பதே என் எண்ணம். ஒன்றை விட்டுவிட்டேன், அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

1671-ல் வானியலாளர் காசினி, சனியின் இயாபெடஸ் நிலாவைக் கண்டுபிடித்தார். சனிக்கு மேற்கே வரும்போது தெரிந்த அது, கிழக்கே போனால் கண்ணில் படவில்லை. ஒரு பாதி கருப்பு, மறு பாதி வெளுப்பு என்று அவர் சரியாகவே ஊகித்தார். ஏன் அப்படி? அதற்கு விடை கிடைக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சனியோடு சேர்ந்து பிறந்த நிலாக்கள், அது சுழலும் திசையிலேயே அதைச் சுற்றுகின்றன. ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு சுற்றுக்கு 550 நாள் எடுத்துக்கொள்ளும் ஃபீபி எதிர்த்திசையில் போகிறது. எங்கிருந்தோ வந்து சனியின் பிடியில் சிக்கியது அது. விண்கற்கள் மோதும்போதெல்லாம் அதிலிருந்து கரிய தூசி கிளம்புகிறது. 2009-ல் ஸ்பிட்சர் தொலைநோக்கி அகச்சிவப்பில் பார்த்தபோது, அந்தத் தூசி சனியின் ஆரத்தைப்போல 200 மடங்கு தொலைவுவரை மாபெரும் வளையமாகப் பரவியிருந்தது தெரிந்தது. அது மெல்ல உள்நோக்கி இறங்குகிறது. இயாபெடஸ் எதிரே வருகிறது. மழையில் ஓடுகிறவனுக்கு முகம்தானே முதலில் நனையும்? இயாபெடஸின் முன்முகத்தில் தூசி படிகிறது. கருத்த பக்கம் வெயிலை அதிகம் உறிஞ்ச, அங்கிருக்கும் பனி ஆவியாகிப் போய்க் குளிர்ந்த பக்கத்தில் உறைகிறது. கருப்பு மேலும் கருக்கிறது, வெளுப்பு மேலும் வெளுக்கிறது.

ஃபீபியைக் கண்டுபிடித்த விதமும் எனக்குப் பிடித்தமானது. 1898 ஆகஸ்டில் பெருவின் அரெக்கிபாவில் வானத்தைப் புகைப்படமெடுத்த கண்ணாடித் தகடுகளை, 1899-ல் வானியலாளர் பிக்கரிங் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். நட்சத்திரங்கள் ஒத்துப்போக, ஒரே ஒரு மங்கிய புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. புகைப்படத்தில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிலா இதுதான்.

காசினி விண்கலம் சனியை அடையும் தேதியையே ஃபீபியைப் பார்க்கும்படிதான் குறித்தார்கள். சனியைச் சுற்றும் பாதைக்குள் போனபின் அவ்வளவு தூரம் திரும்பிவர முடியாது. 2004 ஜூன் 11-ல் 2,068 கிலோமீட்டர் பக்கத்தில் போய்ப் படமெடுத்தது. நீங்கள் பார்த்தது அந்தப் படங்களில் ஒன்றுதான். தயவுசெய்து அதைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள். பள்ளங்களின் உட்சுவரில் வெள்ளைக் கீற்றுகள் இறங்குகின்றன. கரிய மேல்தோல் சரிந்து விழுந்த இடங்கள் அவை. உள்ளே வெளுத்துத் தெரிவது பனிக்கட்டி.