இரண்டு வடையை எடுத்து வையுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் திருகோணமலையில், உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். வயது 32. ஒரு தனியார் கந்தோரில் கணக்குப் பிரிவில் வேலை. அப்பா தவறி நாலு வருடமாகிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். அண்ணா கனடாவில். தங்கச்சி கலியாணம் முடித்து மட்டக்களப்பில். மிச்சம் இருப்பது நான்.

அம்மாவுக்குக் கிளினிக் என்றால் விடிய நாலரைக்கு எழும்பி, சாப்பாடு கட்டி, ஓட்டோ பிடித்து, நம்பர் எடுத்து அவவை இருத்திவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். கரண்ட் பில், தண்ணிப் பில், கிணற்று மோட்டர் பழுதானால் ஆள் பிடிப்பது எல்லாம் நான்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, செய்யத்தானே வேணும். ஆனால் போன மாதம் நடந்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

அப்பாவின் திவசம். முதல் நாள் இரவே மரக்கறி வெட்டி, உழுந்து ஊறப்போட்டு, விடிய மூன்று மணிக்கு அடுப்படிக்குள் போனேன். ஒன்பது கறி, பாயசம், வடை. ஐயர் வந்து எல்லாம் முடிந்து, சொந்தக்காரர் நாற்பது பேர் சாப்பிட்டார்கள். கை கழுவிய கையோடு மாமா அண்ணாவுக்கு வீடியோ கோல் எடுத்தார். போன் ஒவ்வொருவர் கையாகச் சுற்றியது. "தம்பி, அப்பாவின்ர காரியத்தை ஒரு குறையும் இல்லாமல் செய்துபோட்டாய்" என்று எல்லாரும் அவருக்குச் சொன்னார்கள். அங்கே விடியப்புறமாம், நித்திரை முழித்துக்கொண்டு இருந்தாராம். அதற்கும் தனியாக ஒரு பாராட்டு. செலவில் பாதி அண்ணா அனுப்பியது, மற்றப் பாதி என் சம்பளம். காசை விடுங்கள்.

நான் அடுப்படியில் குந்தியிருந்து சாப்பிடும்போது மணி மூன்று. வடைச் சட்டியில் உடைந்த துண்டு ஒன்றும் தூளும் கிடந்தன. அந்தத் தூளை விரலால் ஒற்றி ஒற்றித் தின்றுகொண்டே அழுதேன். 32 வயதில் வடைக்கு அழுத ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு செய்ததை நினைத்தால்தான் இன்னும் வெட்கம். எனக்கு ஒரு தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்துக் கதிரை, பிறகு மூன்று வருடம் ஒரே கந்தோர். போன வருடம் கலியாணம் முடித்து வவுனியாவுக்குப் போய்விட்டாள். மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று என்னிடம் கேட்பவள் அவள் ஒருத்திதான். இப்போது அதுவும் குறைந்துவிட்டது. வட்ஸ்அப்பில் ஒன்லைன் என்று காட்டிக்கொண்டு பதில் வராவிட்டால் எனக்கு நெஞ்சு படபடக்கும். "கோபமா?" என்று போடுவேன். "நான் ஏதும் பிழையாச் சொல்லிட்டனா?" ஐந்து நிமிடத்தில், "சரி, பிஸி போல." பிறகு, "இனி நான் கரைச்சல் தர மாட்டன்." அன்றைக்கு 23 மெசேஜ். எண்ணிப் பார்த்தேன். இரவு பத்தரைக்கு அவளிடமிருந்து ஒரு வொய்ஸ் வந்தது: "நீ நல்ல பிள்ளை. ஆனா போனைத் திறக்கவே எனக்குப் பயமா இருக்கு."

அதிலிருந்து ஒன்றும் அனுப்பவில்லை. வேலை முடிந்து டச்சுக்குடாக் கடற்கரையில் போனும் கையுமாக இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். ஒருநாள், கடலைச் சரையோடு போன ஒருவரின் பின்னால் ஒரு புள்ளிமான் போனது. அவர் விரட்டினார். அது நாலடி தள்ளி நின்றுவிட்டு மறுபடியும் போனது. அது நான்தான் என்று பட்டது.

வீட்டில் கணக்கில் இல்லாத ஆள். தோழிக்கோ அளவுக்கு மிஞ்சிய ஆள். இரண்டும் ஒருத்தியாக எப்படி இருக்க முடியும்? நல்ல பழக்கம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள். "உங்களை நீங்களே நேசியுங்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை ஸ்டேட்டஸில் நூறு தடவை பார்த்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

சரி, அந்த வசனத்தை எழுதவில்லை.

இரண்டு பிரச்சினை என்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. மூன்று மணிக்கு வடைத் தூள், அது முடிந்த கையோடு மெசேஜ். வீட்டில் நாற்பது பேர் சொல்ல வேண்டியிருந்த ஒரு சொல்லை, வவுனியாவில் புதுக்குடித்தனம் நடத்தும் பிள்ளையிடம் 23 தவணையில் கேட்டிருக்கிறீர்கள். ஒருவரின் பாக்கியை இன்னொருவரின் பேரேட்டில் பதிந்தால் மீதி சரிவராது என்று கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேணும்? அதனால்தான் அவள் என்ன பதில் போட்டாலும் உங்களுக்குப் போதவில்லை. அவள் தருவது குறைவு என்பதால் வந்த பசியில்லை இது.

ஒட்டிக்கொள்வதை ஒரு அசிங்கமான குணமாக எழுதியிருக்கிறீர்கள். ஜோன் பௌல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், ஆளுக்கு ஆள் நெருக்கம் தேடுவது பசி, தாகம் மாதிரி பிறப்போடு வருவது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார். அவரோடு வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த், ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு அறையில் தாயோடு விட்டு, தாய் வெளியே போய்த் திரும்பி வரும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். பெரும்பாலான பிள்ளைகள் அழுதாலும், தாய் தூக்கியதும் அடங்கி விளையாடப் போய்விட்டார்கள். சில பிள்ளைகள் மட்டும் தாய் வந்த பிறகும் அடங்கவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டே அவளை அடித்தார்கள். "கோபமா?" என்று கேட்டு ஐந்து நிமிடத்தில் "இனி கரைச்சல் தர மாட்டன்" என்று எழுதுவது கிட்டத்தட்ட அதுதான். 1987இல் ஹசான், ஷேவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே போக்கு வளர்ந்தவர்களின் உறவுகளிலும் இருப்பதை எழுதினார்கள். இது நோயின் பெயர் இல்லை. ஒரு போக்கு, அவ்வளவுதான். நம்பக்கூடிய உறவுகள் அமைந்தால் ஆட்கள் மாறுகிறார்கள். ஒரு கடிதத்தை வைத்து உங்கள் சின்ன வயதைப் பற்றி நான் முடிவு சொல்லப் போவதும் இல்லை.

இனி அந்த மான். கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் நம் ஊர் மான்கள் ஆட்கள் பின்னால் திரிவதை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள்தான். எல்லாரும் தீன் கொடுத்தால் அது தின்றுவிட்டுப் போய்ப் படுக்கும். ஒருவருமே கொடுக்காவிட்டால் பற்றைக்குள் போய் மேயும். யாரோ ஒருவர் எப்போதோ கொடுப்பதால்தான் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். கொத்தும் ஒவ்வொரு தடவையும் தீன் கிடைத்துப் பழகிய புறா, தீன் நின்றதும் சீக்கிரம் கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் பழகிய புறாவோ தீன் நின்ற பிறகும் விடாமல் கொத்தும். சில நாள் உடனே பதில், சில நாள் இரவு பத்தரைக்கு. உங்கள் விரல் போனைக் கொத்திக்கொண்டே இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இதில் உங்கள் தோழியின் பிழை ஏதுமில்லை, அவளுக்கும் அடுப்படி இருக்கிறது.

(எனக்கும் இது தெரியாத வருத்தமில்லை. மகன் கம்பஸுக்குப் போன முதல் மாதம் "சாப்பிட்டியா" என்று நாளைக்கு ஐந்து தடவை கேட்டேன். மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்கிற அதே போனில்தான்.)

பழக்கம் கேட்டீர்கள். 21 நாளில் எதுவும் பழகிவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரை 12 வாரம் பார்த்து, 2010இல் வெளியான ஆய்வொன்று இருக்கிறது. ஒரு செயல் தன்பாட்டில் வருவதற்குச் சராசரியாக 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டிய நாட்கள் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை). அதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. இடையில் ஒருநாள் விட்டவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் ஒருநாள் தவறினால் "நான் திருந்தாத ஜென்மம்" என்று தொடங்குகிற ஆள் போலத் தெரிவதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

புதுப் பழக்கத்தை ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு கட்ட வேண்டும். "இனிக் குறைவாக அனுப்புவேன்" என்ற முடிவு ஒரு பின்னேரம்கூடத் தாங்காது. "மெசேஜ் அனுப்பினால், உடனே போனை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுப் பிளேன்டீக்குத் தண்ணி வைப்பேன்" என்பது தாங்கும். கேத்தல் கொதித்து, ஊற்றி, ஆறக் குடித்து முடிக்க ஒரு இருபது நிமிடம். முதல் சில நாள் அந்த இருபது நிமிடம் நரகமாக இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஏறின தவிப்பு தானாக இறங்குவதை நீங்கள் இதுவரை ஒரு தடவைகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது உச்சிக்கு ஏறும்போதே அடுத்த மெசேஜைப் போட்டுவிடுகிறீர்களே! இறங்குவதை நாலைந்து தடவை கண்ணால் கண்டால் உடம்பே நம்பத் தொடங்கும்.

அந்த நேரத்தில் அனுப்ப வருகிற மற்ற வசனங்களை ஒரு கொப்பியில் எழுதுங்கள், அழகு பார்க்காமல். இரவு எடுத்து வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது உண்மையில் யாருக்கு எழுதியது என்று குறியுங்கள். அம்மாவுக்கா, அண்ணாவுக்கா, மாமாவுக்கா, தோழிக்கா? ஒரு வாரம் செய்தால் தோழியின் பேரில் அதிகம் மிஞ்சாது என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, வீட்டில் வாயைத் திறக்க வேண்டும். இதற்குத்தான் நீங்கள் பயப்படுவீர்கள். "சொல்லாமலே தெரியணும், கேட்டு வாங்கினால் அது பாராட்டா?" என்று நம் பெண் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. கேட்காமல் கிடைத்தது அண்ணாவுக்கு மட்டும்தான், அதுவும் அவர் தூரத்தில் இருப்பதால். பக்கத்தில் இருப்பவள் கிணற்று மோட்டர் மாதிரி, நின்றால்தான் ஞாபகம் வரும். அதற்காக நின்று காட்டுங்கள் என்று சொல்லவில்லை. பொத்தாம் பொதுவாக "என்னை ஒருத்தரும் மதிக்கிறேல்லை" என்று வெடித்தால் அண்ணா திகைப்பார், அம்மா அழுவா, கடைசியில் நீங்களே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். சின்னதாக, திகதி போட்டுக் கேளுங்கள். "அண்ணா, காசுக் கதை இல்லை இது. அம்மாவின்ர கிளினிக் நாளில் பின்னேரம் நீங்கள் எனக்கு ஒருக்கா எடுங்கோ. டொக்டர் என்ன சொன்னார் என்று என்னட்டக் கேளுங்கோ." தங்கச்சியிடம், மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வந்து அம்மாவோடு நிற்கக் கேட்கலாம். அவள் முதல் மாதம் சாட்டுச் சொல்வாள், இரண்டாம் மாதமும் கேளுங்கள். மாமாவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், சில ஆட்களைத் திருத்தப் போவது நேர விரயம்.

அடுத்த திவசத்துக்கு, படையல் முடிந்ததும், பந்தி போட முதல், இரண்டு வடையை ஒரு மூடிபோட்ட கோப்பையில் எடுத்து வையுங்கள். யாராவது கேட்டால் "அது என்ர" என்று சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் வீட்டில் உங்களுக்கென்று ஒரு பங்கை நீங்களே ஒதுக்கிப் பழகாதவரை மற்றவர்களுக்கும் அந்த எண்ணம் வராது.

தோழி ஒருத்தியில் மட்டும் இவ்வளவு பாரம் தொங்குவது அவளுக்கும் நல்லதில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் உங்களுக்குப் பிடித்தது என்ன? பண்ணிசையா, நெட்போலா, தையலா? வெள்ளிக்கிழமைக் கூட்டுப் பிரார்த்தனையில் பாடுகிற பெண்கள் அனேகமாக எல்லாக் கோயிலிலும் இருக்கிறார்கள். இல்லாவிட்டால் விடுமுறை நாளில் விடிய கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயில் வரைக்கும் ஒரு நடை, கந்தோரில் கூட வருகிற ஒருத்தியோடு. நெருங்கிய சிநேகிதம் ஆக வேண்டியதில்லை. உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்னும் நாலு பேர் இருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நித்திரை, சாப்பாடு கிழமைக்கணக்கில் குழம்பினாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ கொப்பியோடு நிற்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவிச் சேவை, 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

தோழியிடம் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் ஒரு வகை 24ஆவது மெசேஜ்தான். அவளாகத் தேடி வரட்டும் என்று காத்திருப்பதை அவளும் அங்கே உணர்ந்துகொண்டிருப்பாள். இப்படி ஒன்று போடுங்கள்: "அன்றைக்கு அப்படி அனுப்பினது என்ர பிழை. அப்பாவின்ர திவசத்தில மனம் நொந்துபோய் இருந்தன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கதைப்பமா? ஏலாட்டி அடுத்த ஞாயிறு." அனுப்பிவிட்டுப் போனை அலுமாரிக்கு மேல் வையுங்கள். தேத்தண்ணிக்குக் கொஞ்சம் இஞ்சியும் தட்டிப் போடுங்கள்.