தினமும் ராத்திரி கடைச் சாப்பாடுதான், மதுரையில் எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகும்?

இரவு வேலை முடித்துக் கடையில் சாப்பிடுகிறவர், சர்க்கரை எல்லையைத் தொட்டிருக்கிறது என்கிறீர்கள். மதுரையில் பத்து மணிக்கு மேலும் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். அதுவே உங்களுக்குப் பாதி வேலையை முடித்துவிடும். மூன்று இட்லி, சாம்பார், கூடவே ஓர் அவித்த முட்டை போதும். பொடிக்கு எண்ணெய் ஊற்றும்போது மட்டும் "கொஞ்சமாண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.

பரோட்டாதான் சிக்கல். மைதாவைப் பிசையும்போது எண்ணெய், உருண்டையை ஊறப்போடும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் போட்ட பிறகும் எண்ணெய். நார்ச்சத்து மிகக் குறைவு. அதன்மேல் சால்னா வாளியில் மிதக்கும் சிவப்பு எண்ணெயும் சேரும். விடவே முடியாது என்றால் (மதுரையில் இருந்துகொண்டு எப்படி விடுவது!) வாரம் ஒரு நாள், ஒன்றோடு நிறுத்துங்கள். சால்னாவை இலையில் ஊற்றாமல் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளுங்கள். உப்பும் அதில்தான் அதிகம். ஒரு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மதியம் மெஸ் என்றால் இரண்டாவது முறை சோறு வேண்டாம், கூட்டும் பொரியலும் கேளுங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் வைப்பார்கள்.

ஜிகர்தண்டா குளிர்ச்சிதான், சரி. ஆனால் சுண்டிய பால், சர்ப்பத், ஐஸ்கிரீம் எல்லாமே இனிப்பு. பருத்திப்பாலும் அப்படித்தான், கருப்பட்டி போட்டாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.