கொல்லிமலை ஏற்றத்தில் பஞ்ச் திணறுகிறதா?

நண்பரே, ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறைய சாமான் என்று கொல்லிமலை ஏறும்போது டாடா பஞ்ச் பெட்ரோல் கார் இரண்டாவது கியரில் திணறுகிறது, இன்ஜினில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். இன்ஜின் விளக்கு எரியவில்லை, சமதரையில் நன்றாக ஓடுகிறது என்றால் பெரும்பாலும் கோளாறு இல்லை. உங்கள் காரில் இருப்பது டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1199 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். 115 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை, முழுசாகக் கிடைப்பது இன்ஜின் நிமிடத்துக்கு 3,300 சுற்று (ஆர்பிஎம்) சுற்றும் பக்கம்தான். 1,500 ஆர்பிஎம்மில் வைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறுமும், நகராது.

அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து முதல் கியருக்கு வந்துவிடுங்கள். இன்ஜின் கத்தினால் கத்தட்டும். மைலேஜ் ஆசையில் சீக்கிரமே மேல் கியர் போடுவது நம் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம்!

அப்புறம், கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஏறாதீர்கள். கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டிக் கொஞ்சம் ஆறவிடுங்கள்.