நிலத்தடி எரிபொருள் கசிவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பெட்ரோல் நிலையத்தில் நிலத்துக்கடியிலுள்ள தொட்டி கசிந்துவிட்டால், தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு, மாசடைந்த நீரைச் சில மாதங்கள் தொடர்ந்து இறைத்தால் போதாதா?

பதில்: தொட்டியை அகற்றிக் கசிவை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஆனால் இறைப்பதால் மட்டும் நிலத்தடி நீர் தூய்மையாவதில்லை. கசிந்த பெட்ரோலில் ஒரு பகுதி கீழே இறங்கும் வழியிலேயே மண்துகள்களின் இடுக்குகளில் சிக்கிக்கொள்கிறது. தண்ணீரைவிட இலேசானது என்பதால் எஞ்சியது நீர்மட்டத்தின் மேல் படலமாகத் தேங்குகிறது. பெட்ரோலிலுள்ள பென்சீன், டொலுவீன் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் அப்படலத்திலிருந்து மெல்லக் கரைந்து நீரோட்டத்தின் திசையில் நகர, மற்றொரு பகுதி ஆவியாகி மண்ணிடை வெளியை நிரப்புகிறது. மழையில் நீர்மட்டம் உயர்ந்து கோடையில் தாழும்போதெல்லாம் படலமும் ஏறி இறங்கி, அந்த உயரம் முழுவதும் மண்ணில் பூசிக்கொள்கிறது.

இறைக்கும்போது பெரும்பாலும் வருவது கரைந்த பகுதி மட்டுமே. பெட்ரோலைத் தொட்டு நிற்கும் நீரில் பென்சீன் லிட்டருக்குப் பல மில்லிகிராம் கரையக்கூடும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வழிகாட்டு அளவோ லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆகவே மண்ணில் ஒட்டியிருக்கும் மிச்சம் சிறிதே ஆனாலும் நெடுங்காலம் நீரைக் கெடுத்துக்கொண்டிருக்கும். பம்பை நிறுத்திய பிறகு மாசின் அளவு மீண்டும் ஏறுவது இதனால்தான். மாசு குடிநீர்க் கிணறு ஒன்றை நோக்கி நகராமல் தடுத்து நிறுத்துவதற்கு இறைப்பு உதவும். அதையே முழுத் தீர்வாக எண்ணிப் பணத்தைக் கொட்டுவது வீண்.

கேள்வி: அப்படியானால் மண்ணில் சிக்கியதை எப்படி வெளியேற்றுவது? எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிரிகளை வாங்கி விடலாம் என்கிறார்களே?

பதில்: மாசு ஆழமில்லாமல், ஒரே இடத்தில் இருந்தால் மண்ணைத் தோண்டி அகற்றுவதே விரைவான வழி. ஆழமாக இருந்தால், நீர்மட்டத்துக்கு மேலே துளைக்குழாய்கள் இறக்கி, வெற்றிடப் பம்பு கொண்டு ஆவியை உறிஞ்சி, கரி வடிகட்டியில் பிடிப்பார்கள் அல்லது எரித்துவிடுவார்கள். எளிதில் ஆவியாகும் பெட்ரோலுக்கும், காற்று தடையின்றிப் பாயும் மணற்பாங்கான நிலத்துக்கும் இது நன்கு பொருந்தும். களிமண்ணில் காற்று எளிதான தடங்களை மட்டும் தேடிக்கொண்டு மற்ற இடங்களை விட்டுவிடும்.

நுண்ணுயிரிகளைப் பொறுத்தவரை, பெரும்பாலான இடங்களில் அவற்றை விலைக்கு வாங்கத் தேவையில்லை. எரிபொருளைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மண்ணில் ஏற்கெனவே உண்டு. அவற்றுக்குக் குறைவது ஆக்சிசன். ஒரு கிராம் எரிபொருளை முழுமையாகச் சிதைக்க ஏறத்தாழ 3 கிராம் ஆக்சிசன் வேண்டும். ஒரு லிட்டர் நீரில் 8 அல்லது 9 மில்லிகிராம் ஆக்சிசனே கரைந்திருக்கும் என்பதால், அந்த ஒரு கிராமுக்கு 300 லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படும். அதே ஆக்சிசன் சுமார் 11 லிட்டர் காற்றில் கிடைத்துவிடும். எளிதில் ஆவியாகாத டீசலுக்குக்கூட மண்ணுக்குள் காற்றை மெதுவாகச் செலுத்தும் முறை பயன் தருவது இக்கணக்கினால்தான். எனவே பாக்டீரியாப் பொடி விற்க வருபவரிடம், ஆக்சிசன் எங்கிருந்து வரும் என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கிணற்று நீரில் பெட்ரோல் வாடை போய்விட்டது. கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

பதில்: கூடாது. வழிகாட்டு அளவைப் போலப் பல மடங்கு பென்சீன் கலந்திருந்தாலும் மூக்குக்குத் தெரியாது. கொதிக்கவைத்தால் அது ஆவியாகி நீங்கள் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். ஆய்வகச் சோதனையில் தேறும்வரை வேறு நீரைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒன்றும் செய்யாமல் இயற்கையிடமே விட்டுவிடலாம் என்பது சாக்குப்போக்கு அல்லவா?

பதில்: எப்போதும் அல்ல. கசிவு நின்று, மிதக்கும் படலமும் அகற்றப்பட்ட பிறகு, ஆக்சிசன் தீர்ந்த இடத்திலும் நைட்ரேட், இரும்பு, சல்பேட் ஆகியவற்றைக் கொண்டு பாக்டீரியாக்கள் தம் வேலையைத் தொடர்கின்றன. அதனால் பென்சீன் மாசு ஒரு தொலைவுக்குமேல் பரவாமல் நின்றுவிடுவதுண்டு. ஆனால் பெட்ரோல் நன்றாக எரிவதற்காகக் கலக்கப்படும் எம்டிபிஇ என்ற வேதிப்பொருளைச் சேர்த்திருந்தால் இதை நம்ப இயலாது. அது நீரில் மிக எளிதாகக் கரையும், மெதுவாகவே சிதையும். அமெரிக்காவின் சான்டா மோனிகா நகரம் 1996இல் தன் கிணறுகள் பலவற்றை மூட நேர்ந்தது அதனால்தான்.

இயற்கையிடம் விடுவதென்றாலும் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும். நீர்மட்டம் உயர்ந்த காலத்திலும் தாழ்ந்த காலத்திலும் மாதிரி எடுத்து, அளவு தொடர்ந்து குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கருவிகளைக் கொண்டு தூய்மை செய்த இடத்திலும், அவற்றை நிறுத்திய பின் ஓராண்டாவது இச்சோதனை நடந்திராவிட்டால், பணி முடிந்தது என்ற சான்றிதழை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.