ஆயிரம் பேரைக் கேட்டால் அமெரிக்கா தெரியுமா? – கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பலாமா என்பதுதான் இன்றைய பேச்சு. புள்ளியியல் என் தொழில். அங்கே படிக்கும்போது செலவுக்காக ஒரு கணிப்பு நிறுவனத்தில் மாலை நேரங்களில் போன் போட்டுக் கேள்வி கேட்டிருக்கிறேன். கேளுங்கள். தமிழ்நாட்டுத் தேர்தல் என் துறை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மதுரைக்காரன்: சார், முப்பது கோடிக்கு மேல் ஜனம் உள்ள நாட்டில் ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உங்கள் வீட்டில் சொல்வதில்லையா? பானையின் அளவு முக்கியமில்லை. எந்தப் பருக்கையும் கையில் அகப்பட ஒரே மாதிரி வாய்ப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படி எடுத்த ஆயிரம் பேருக்குப் பிழை வரம்பு, அதாவது கணிப்பு நிஜத்திலிருந்து பெரும்பாலும் விலகக்கூடிய அளவு, மேலோ கீழோ 3 சதவீதப் புள்ளி. சின்ன மாநிலமானாலும் முழு அமெரிக்காவானாலும் அதே 3தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அந்த 3 ஒருவருடைய ஆதரவுக்கு உரியது. இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு அதை இரண்டால் பெருக்க வேண்டும். 48–45 என்று செய்தி வந்தால் 48 வாங்கியவர் 9 புள்ளி முன்னால் இருக்கலாம், 3 புள்ளி பின்னாலும் இருக்கலாம்.

கணக்கு டீச்சர்: நிறையப் பேரைக் கேட்டால் இன்னும் துல்லியமாக வராதா? பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் உதாரணம் வேண்டும்.

1936ஐச் சொல்லுங்கள் டீச்சர். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற வாரப் பத்திரிகை அதற்கு முந்தைய தேர்தல்களில் ஜெயிப்பவரைச் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கியிருந்தது. அந்த வருடம் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு எதிர்க்கட்சி வேட்பாளர் லாண்டனுக்கு 57 சதவீதம், அப்போதைய அதிபர் ரூஸ்வெல்டுக்கு 43 என்று அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 60 சதவீதத்தைத் தாண்டினார். லாண்டனுக்குக் கிடைத்தவை மெய்ன், வெர்மாண்ட் என்ற இரண்டே மாநிலங்கள். பத்திரிகையும் இரண்டு வருடத்தில் படுத்துவிட்டது.

முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் எடுத்தார்கள், பொருளாதார மந்த காலத்தில் அவை வசதியானவர்களின் பட்டியல்கள், அதனால்தான் தப்பு வந்தது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அது பாதிக் கதை. சீட்டு கிடைத்தவர்களிலும் ரூஸ்வெல்ட் ஆதரவாளர்கள் குறைவாகவே பதில் போட்டார்கள். ஆட்சி மேல் கோபம் உள்ளவன்தான் முதல் வேலையாகத் தபால்பெட்டியைத் தேடிப் போவான்! யாரைக் கேட்டோம் என்பதைவிட யார் பதில் சொல்லவில்லை என்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி. அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

அதே வருடம் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் மிகச் சிறிய மாதிரியை வைத்து ரூஸ்வெல்ட் என்று சொன்னார், புகழ் பெற்றார். அவர் சொன்ன சதவீதமும் நிஜத்தைவிடப் பல புள்ளி குறைவுதான். ஜெயித்தவரைச் சரியாகச் சொன்னதால் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து, 1948இல், அவரே டூயி ஜெயிப்பார் என்றார். ட்ரூமன் ஜெயித்தார்.

நியூஜெர்சி வாசி: பதினைந்து வருடமாக இங்கே ஓட்டுப் போடுகிறேன். என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. யாரைத்தான் கேட்கிறார்கள்?

அங்கே ஓட்டுப் போடுகிறவர்கள் 15 கோடிக்கு மேல். ஆயிரம் கணிப்புகள் நடந்து, ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் மொத்தம் பத்து லட்சம்தான். உங்கள் முறை வருவது நூற்றைம்பதில் ஒன்று. சரி, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் நீங்கள் எடுப்பதுண்டா?

நியூஜெர்சி வாசி: இல்லை :)

அதேதான். பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2018இல் 6 பேர்.

நான் வேலை பார்த்த அறையில் இருபது மேசை, இருபது தொலைபேசி. கணினியே எண்ணைச் சுழற்றும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்தால் மூன்று நான்கு பேட்டி முழுசாக முடியும். போனை எடுப்பவர்களில் பாதிக்கு மேல் வயதான அம்மாக்கள். இளைஞர்கள் அகப்படாததால், “வீட்டில் இருக்கும் ஆண்களில் வயதில் சின்னவரிடம் கொடுங்கள்” என்று கேட்கச் சொல்லியிருந்தார்கள். ஒரு பாட்டி, “இந்த வீட்டில் ஆண் என்றால் பூனைதான்” என்றார். அப்புறம் தானாகவே இருபது நிமிடம் அரசியல் பேசினார். அவர் வயதுப் பெண்களுக்கான ஒதுக்கீடு முந்தின நாளே நிரம்பிவிட்டது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு என்னிடம் மனம்விட்டுப் பேசியவர் அவர் ஒருவர்தான், அவர் கணக்கில் இல்லை.

ஈரோடு வாசகர்: ட்ரம்புக்குப் போடுகிறவர்கள் வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறார்களாமே?

தேடிப் பார்த்தார்கள், பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை. பொய் சொல்வதில்லை, போனையே எடுப்பதில்லை.

நெல்லை: நம்ம ஊர் எக்ஸிட் போல் மட்டும் ஏன் இப்படிச் சொதப்புகிறது?

முதல் பத்தியைப் படியுங்கள்.

கோவை மாணவி: ‘எடை போடுதல்’ என்கிறார்களே, அது தில்லுமுல்லு இல்லையா சார்?

இல்லைம்மா. இளைஞர்கள் குறைவாக அகப்பட்டால், அகப்பட்ட ஒவ்வொருவரையும் ஒன்றுக்கு மேலாகக் கணக்கில் எடுப்பது, அவ்வளவுதான். அளவு மீறினால் விபரீதம். 2016இல் யுஎஸ்சி என்ற தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையும் சேர்ந்து நடத்திய கணிப்பில் சுமார் மூவாயிரம் பேர் கொண்ட ஒரே குழுவைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர். அவர் வயதும் இனமும் சேர்ந்தவர்கள் குழுவில் அபூர்வம் என்பதால், சராசரி ஆளைப்போல 30 மடங்கு எடை அவருக்கு. அவர் ட்ரம்ப் பக்கம். அவர் ஒருவர் வந்தால் ட்ரம்ப் ஏறுவார், வராத வாரம் எதிர் வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் ஏறுவார்.

இன்னொன்று. அதே வருடம் நியூயார்க் டைம்ஸ் புளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த பதில்களை அப்படியே வேறு நான்கு தரப்பு நிபுணர்களிடம் கொடுத்தது. அதே ஆட்கள், அதே பதில்கள். ஒருவருக்கு கிளிண்டன் 4 புள்ளி முன்னிலை, இன்னொருவருக்கு ட்ரம்ப் 1 புள்ளி முன்னிலை. பிழை வரம்பில் இந்த 5 புள்ளி சேராது.

பந்தயக் குதிரை: இதெல்லாம் எதற்கு? 2024இல் பாலிமார்க்கெட் பந்தயச் சந்தைதான் ட்ரம்ப் என்று சரியாகச் சொன்னது. பணம் கட்டுகிறவன் பொய் சொல்ல மாட்டான். ஒரு பிரெஞ்சுக்காரர் கோடிக்கணக்கில் டாலர் அள்ளினாரே!

அள்ளினார். எதை நம்பிக் கட்டினார் தெரியுமா? தன் செலவில் ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கச் சொன்னார். “நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்” என்று கேட்காமல், “அக்கம்பக்கத்தார் யாருக்குப் போடுவார்கள்” என்று கேட்க வைத்தார். உங்கள் சந்தை நாயகன் ஜெயித்ததே கணிப்பை வைத்துத்தான்.

பந்தயக் குதிரை: அது ஒருவர். சந்தை என்பது பல்லாயிரம் பேர்.

2016இல் அன்றிருந்த பந்தயச் சந்தைகளும் கிளிண்டன் பக்கம்தான் சாய்ந்திருந்தன.

கணக்கு டீச்சர்: குறுக்கே வருகிறேன். அக்கம்பக்கத்தைக் கேட்பது ஊர்வம்பு மாதிரி இல்லையா? அதில் புள்ளியியல் எங்கே?

இருக்கிறது டீச்சர். போனை எடுக்கும் ஒருவர், எடுக்காத பத்துப் பேரைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறார். கேட்கும் வட்டம் பெரிதாகிறது. திண்ணைப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரே கட்சிக்காரர்கள் கூடி வாழும் தெருவில் இது கவிழும்.

பந்தயக் குதிரை: ஆக, 2024இல் கணிப்புகள் தோற்றன என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

மாட்டேன். நாடு தழுவிய சராசரியில் ஹாரிஸ் 1 புள்ளி முன்னால் இருந்தார், ட்ரம்ப் 1.5 புள்ளியில் ஜெயித்தார். தவறு 3 புள்ளிக்குள். 2020இல் 4 புள்ளிக்குப் பக்கம், நாற்பது வருடத்தில் மோசமான தவறு. விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்றுகூட ஒரு கணிப்பு வந்தது, ஜெயித்தது ஒரு புள்ளிக்கும் குறைவில்! பைடன் ஜெயித்துவிட்டதால் உங்களுக்கு அது ஞாபகமில்லை. இல்லினாய் இளைஞர் இருந்த கணிப்பு கடைசியில் ட்ரம்ப் 3 முன்னிலை என்றது. ட்ரம்ப் மொத்த வாக்கில் 2 புள்ளி பின்தங்கினார், மாநிலக் கணக்கில் ஜெயித்துத்தான் அதிபரானார். 5 புள்ளித் தவறு, ஆனாலும் அதற்கு மாலை மரியாதை. மார்க் போடுவதானால் எண்ணுக்குப் போடுங்கள்.

டெக்சாஸ் தமிழன்: என்னையும் யாரும் கேட்டதில்லை சார்.

நியூஜெர்சிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சேலம்: 2016இல் கிளிண்டனுக்கு 99 சதவீதம் என்றார்களே?

அது வாக்கு சதவீதம் இல்லை, ஜெயிக்கும் வாய்ப்பு. பத்திரிகைகளே இரண்டையும் குழப்பும். பிரின்ஸ்டன் பேராசிரியர் சாம் வாங் 99 என்றார். பந்தயம் தோற்று, டிவியில் ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைத் தின்றார். தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வர் ட்ரம்புக்குச் சுமார் 29 கொடுத்திருந்தார். மாநிலங்களின் தவறுகள் தனித்தனியாக வராது, கைகோத்துக்கொண்டு வரும் என்று அவர் கணக்கில் இருந்தது. அப்படியே வந்தது. படித்தவர்கள் அதிகமாகப் பதில் சொன்னதைப் பல மாநிலக் கணிப்புகள் சரிசெய்யவில்லை. விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்தாற்போல் ட்ரம்ப் பக்கம் சரிந்தன.

அட்லாண்டா அக்கா: நான்கூட எத்தனையோ வருடமாக ஓட்டுப் போடுகிறேன், என்னிடம் ஒருத்தர்கூட...

அக்கா, போனை எடுங்கள்.

மதுரைக்காரன்: சார், கடைசியாக. 2024இல் அயோவா கணிப்பில் ஹாரிஸ் 47, ட்ரம்ப் 44. பிழை வரம்பு 3.4. நீங்கள் சொன்னபடி இரண்டால் பெருக்கினேன், 6.8. ட்ரம்ப் ஜெயித்தது 13 புள்ளியில். பெருக்கியும் பத்தவில்லையே?

பிடித்துவிட்டீர்கள். பத்தாது. அந்த வரம்பு கைக்கு அகப்பட்ட பருக்கையின் அதிர்ஷ்டத்துக்கு மட்டும்தான். பானையை விட்டு வெளியே நின்றவர்களுக்கு அதில் இடமில்லை. பழைய கணிப்புகளை முடிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நிஜத் தவறு அச்சிட்ட வரம்பைப் போல இரண்டு மடங்கு வருகிறது. ஆகவே இடைவெளிக்கு நான்கால் பெருக்குங்கள். அயோவாவில் மேலோ கீழோ 13.6. ஹாரிஸின் 3 புள்ளி முன்னிலையிலிருந்து கழித்தால் ட்ரம்ப் 10.6 வரை. அதற்கும் எட்டவில்லை.

எடுத்தவர் ஆன் செல்சர். 2016, 2020 இரண்டிலும் மற்றவர்கள் தயங்கியபோது அயோவாவில் ட்ரம்ப் 7 புள்ளி முன்னால் என்று அடித்துச் சொன்னவர். மூன்றாம் முறையும் அதே கையால்தான் அரிசி அளந்தார். வந்த எண் ஊரோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்தார். அதற்காக அவர் மேல் ட்ரம்ப் வழக்குப் போட்டார். அந்த வாரம் போட்டி கடுமையான மாநிலங்களில் கணிப்புக்குக் கணிப்பு 48–48, 49–48 என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்தது. ஆயிரம் பேரைத் தனித்தனியாகக் கேட்டால் எண்கள் அவ்வளவு ஒட்டி வராது தம்பி. எனக்கு அவற்றைப் பார்த்துத்தான் பயம்.