தொடுகறி அப்புறம், முதலில் பேரனின் இருமல்

கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு அன்பியக் (பங்கில் பக்கத்து வீட்டார் சேரும் ஜெபக் குழு) கூடுகையாம். வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். தக்கலைப் பக்கத்து வாசகி ஒருவர் பெயரில் சோளத் தொடுகறி விழுந்திருக்கிறது. சோளம் சர்க்கரையை ஏற்றுமா, கணவருக்கு வாயு பிடிக்குமா, ஸ்வீட் கார்ன் எல்லாம் மரபணு மாற்றியதா, சுண்டல் நல்லதா பேபி கார்ன் 65 நல்லதா என்று நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தின் அடியில், பெயருக்குச் சற்று மேலே, இது இருக்கிறது:

"மூன்று வாரத்துக்கு முன்னே பேரனுக்கு (ஒன்றே முக்கால் வயசு) அவித்த சோளம் கொடுக்கும்போது புரையேறி, முகமெல்லாம் நீலமாகிப் போச்சு. பழம் கொடுத்ததும் சரியாயிட்டான். அதிலிருந்து இருமல் மட்டும் விடவில்லை, மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுக்கிறோம். மருமகள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள், அவளிடம் நான் சொல்லவில்லை. சோளத்தைத் தொடவே பயமாக இருக்கிறது, டாக்டர்."

அம்மா, முதலில் இந்த நாலு வரிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பேரனை நாளைக் காலையிலேயே குழந்தை மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். பண்டிகை கழியட்டும் என்று இருக்காதீர்கள். மூச்சு வாங்குகிறது, மூச்சை இழுக்கும்போது விலாவுக்கு இடையில் குழி விழுகிறது, உதடு நீலம் பாய்கிறது, இதில் எது தெரிந்தாலும் நாளைவரைகூட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். தண்ணீரோ கஞ்சியோ புரையேறினால் அத்தோடு தீர்ந்தது. சோளமணி, நிலக்கடலை, சுண்டல் கடலை போன்றவை வேறு. இந்த வயதில் பிள்ளைக்கு முன்பல் முளைத்திருக்கும், அரைத்துத் தின்னும் கடைவாய்ப்பல் சரியாக வந்திருக்காது. கடிப்பான், அரைக்கத் தெரியாது. மணி வழுக்கிக்கொண்டு போகும். தொண்டைக்குக் கீழே சோற்றுக்கு ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய். நீங்கள் கொடுத்த பழம் சோற்றுக் குழாயில் இறங்கியது. மூச்சுக் குழாயில் இருப்பதை அது எப்படித் தள்ளும்? மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டை விழுங்கும் வைத்தியத்தையே நான் ஒத்துக்கொள்வதில்லை, அதை இதற்கும் கொண்டுவந்துவிட்டீர்கள்.

"பழம் கொடுத்ததும் சரியாயிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்களே, என்னைக் கவலைப்பட வைத்தது அந்த வரிதான். பெரிய மூச்சுக் குழாயில் நிற்கும்போது பிள்ளை திணறும், நீலமாகும். அதே மணி ஒரு பக்கத்து நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாயில் நழுவி உட்கார்ந்துவிட்டால், மறுபக்கம் காற்று போகிறது. நிறம் திரும்பும், அழுகை நிற்கும், ஓடி விளையாடப் போய்விடுவான். இந்த அமைதி சில மணி நேரமும் இருக்கும், சில வாரமும் இருக்கும். உள்ளே அந்த மணி ஈரத்தில் ஊறி, சுற்றியுள்ள சதையை வீங்க வைக்கும். அப்புறம் விடாத இருமல், ஒரு பக்கம் மட்டும் இழுப்பு, காய்ச்சல், மருந்துக்கு அடங்கி மறுபடியும் அதே இடத்தில் வரும் நிமோனியா. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை முடியும் நேரம் இது. வீட்டுக்கு ஒரு பிள்ளை இருமும். அதனால் எல்லா இருமலுக்கும் மழைச்சளி என்று பேர் வைத்துவிடுகிறோம்.

இரண்டு மாதம் ஆஸ்துமா என்று நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை ஒருமுறை பார்த்தேன். ஸ்டெதாஸ்கோப்பில் ஒரு பக்கம் காற்றுச் சத்தம் குறைவு. கடலை ஏதாவது தின்றானா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மறுபடி கேட்டேன். மூலையில் நின்ற தாத்தா மெதுவாக, "ஒரு கல்யாண வீட்டில..." என்று ஆரம்பித்தார். உள்ளே இருந்தது பாதி நிலக்கடலை.

அந்தத் தாத்தாவைப் போலவே நீங்களும் ஒரு வாக்கியத்தைக் கையில் மறைத்து வைத்திருக்கிறீர்கள். மருத்துவருக்கு வேண்டியது அதுதான். எக்ஸ்ரேயில் சோளமணி தெரியாது. காசும் ஊக்கும் தெரியும், தின்கிற பண்டம் தெரியாது. எக்ஸ்ரே முழுக்க நன்றாக இருந்துகொண்டே உள்ளே பொருள் இருக்கலாம். மருமகள் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் "சளி, மூணு வாரமா இருமல்" என்று சொன்னால், சளிக்குத்தான் மருந்து எழுதுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. "சோளம் தின்னும்போது மூச்சு முட்டி நீலமானான், அன்றிலிருந்து இருமல்" என்று சொன்னால் அவர்கள் யோசிக்கும் திசையே மாறும். ஆகவே இன்று ராத்திரியே மருமகளிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும். நாளைக்கு நீங்களும் கூடப் போங்கள், அந்தக் காட்சியைப் பார்த்தவர் நீங்கள்தானே.

சந்தேகம் உறுதியானால் பிள்ளையை மயக்கத்தில் வைத்து, பிராங்கோஸ்கோப் என்ற குழாயை வாய் வழியாக இறக்கிப் பார்த்து எடுப்பார்கள். கேட்டாலே பயமாக இருக்கும், தெரியும். 1897-இல் ஜெர்மனியில் குஸ்தாவ் கில்லியன் என்ற மருத்துவர் ஒரு விவசாயியின் மூச்சுக் கிளையிலிருந்து பன்றி எலும்புத் துண்டை இப்படி எடுத்தார். அன்றிலிருந்து தேறி வந்த முறை. முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். வேறு ஊருக்குப் போகச் சொன்னால் மறுக்காமல் போங்கள். அதுவரை முதுகில் தட்டி வெளியே எடுக்கப் பார்க்க வேண்டாம். ஓரமாக உட்கார்ந்திருக்கும் மணி நடுக்குழாய்க்கு வந்து அடைத்துவிடக்கூடும்.

அப்புறம் அந்த சிரப். எந்தச் சிரப், யார் எழுதிக் கொடுத்தது, எத்தனை மில்லி, ஒன்றும் கடிதத்தில் இல்லை. "மெடிக்கலில் கேட்டோம்" என்பது மருந்துச் சீட்டு ஆகாது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போதே சொன்னது. இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கும் இருமலைத்தான் நீங்கள் அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள். பாட்டிலை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சாதாரணச் சளியாகவே இருக்கலாம், அம்மா. அப்படியானால் போய்வந்த ஆட்டோக்கூலியோடு போகும்.

மற்ற கேள்விகள். ஸ்வீட் கார்ன் மரபணு மாற்றியது, ஊசி போட்டு இனிப்பேற்றியது என்று சொல்லும் அந்த வாட்ஸ்அப் வீடியோவை அழித்துவிடுங்கள். இந்தியாவில் மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை வணிகத்துக்குப் பயிரிட அனுமதியே கிடையாது. பருத்திக்குத்தான் 2002-இல் கொடுத்தார்கள். ஸ்வீட் கார்ன் இனிப்பது ஊசி போட்டு அல்ல, அந்த ரகத்தின் குணம் அது. மணி முழுசாக மலத்தில் வருகிறது என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். மேல்தோல் மட்டும்தான் வருகிறது. அதில் இருக்கும் செல்லுலோஸை மனிதக் குடல் செரிக்காது, ராஜாவுக்கும் அப்படித்தான். கணவருக்கு வாயு என்றால் ஒரு கரண்டி குறைத்துப் போடுங்கள். உங்கள் சர்க்கரைக்குச் சோளம் விஷமும் இல்லை, மருந்தும் இல்லை. 100 கிராம் ஸ்வீட் கார்னில் கிட்டத்தட்ட 19 கிராம் மாவுச்சத்து. ஆகவே அதைக் காய்கறிக் கணக்கில் சேர்க்காமல் சோற்றுக் கணக்கில் சேருங்கள். சோளம் ஒரு கரண்டி வைத்தால் சோறு ஒரு கரண்டி குறைய வேண்டும், மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு இருக்கும் பக்கம் அன்றைக்குப் போகவும் கூடாது. கடையில் விற்கும் கார்ன்ஃப்ளவர் வெறும் ஸ்டார்ச், அதைக் கரைத்துக் கெட்டியாக்கிய சூப் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது தொடுகறிக்கு வருவோம். கூடுகையில் சின்னப் பிள்ளைகள் ஓடிக்கொண்டே தின்னும், கண்ட பாத்திரத்தில் கைவிடும். அதனால் முழு மணி தெரியும் எதுவும் என் கணக்கில் தள்ளுபடி. சுண்டல் வேண்டாம், பட்டர் மசாலா வேண்டாம், பாப்கார்ன் வேண்டவே வேண்டாம். நான்கு வயது வரை முழு மணி கொடுக்கக் கூடாது. பேபி கார்னை வட்டமாக நறுக்கினால் அதுவும் மூச்சுக்குழாய்க்கு அளவெடுத்துத் தைத்த மூடிதான். யாருக்காவது அன்று புரையேறினால், சத்தமாக இருமும்வரை இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு, போகவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக 5 அழுத்து, மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குக் கீழ் என்றால் குப்புறப் பிடித்து முதுகில் அதே 5 தட்டு, அப்புறம் வயிற்றில் அழுத்தாமல், மல்லாத்தி நெஞ்சு நடுவில் உள்ளங்கை அடியால் 5 அழுத்து. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடி வாயில் விரலை விட வேண்டாம்.

நான் சொல்லும் பதார்த்தம், எங்கள் வீட்டில் செய்வது. இளம் சோளக் கதிரை மணி உதிர்க்காமல் அப்படியே துருவியில் துருவுங்கள். பாலும் சதையும் கீழே விழும், தோலில் பெரும்பகுதி கதிரிலேயே தங்கிவிடும், உங்கள் மலக் கவலையும் பாதி தீர்ந்தது. துருவலை இரண்டாம் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, கெட்டியானதும் முதல் பாலை ஊற்றி இறக்கி, தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் போட்டால் ஏறக்குறைய ஓலன் மாதிரி வரும். ஆப்பத்துக்கும் சேரும், சோற்றுக்கும் சேரும். பல்லில்லாத பெரியவர்களும் சாப்பிடுவார்கள். தேங்காய்ப்பால் சேர்ந்தது, காலையில் செய்து மத்தியானம்வரை மூடிவைக்கும் சமாசாரம் இல்லை. கிளம்புவதற்கு முன் செய்து, சூடாகக் கொண்டுபோய், 2 மணி நேரத்துக்குள் பாத்திரத்தைக் காலிசெய்துவிடுங்கள். பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு எடுத்துவிடலாம், மிளகு வேண்டுமானால் பொடியாக இடித்துத்தான், முழுசாகப் போடாதீர்கள்.