வெங்காய வேரில் செல் பிரிவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மூன்று முறை ஸ்லைடு போட்டும் எல்லாச் செல்லிலும் உருண்டை நியூக்ளியஸ்தான் தெரிகிறது. குரோமோசோமையே காணோம். எங்கே தவறு?

பெரும்பாலும் வெட்டும் இடத்தில். உங்கள் ஸ்லைடில் செல்கள் நீளநீளமாக இருக்கின்றனவா? அப்படியென்றால் அது பிரிந்து முடித்து நீளத் தொடங்கிவிட்ட பகுதி. அங்கே எவ்வளவு தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. செல்கள் சிறியதாக, சதுரமாக, நெருக்கி அடுக்கியதுபோல் இருந்தால்தான் சரியான இடம். அந்தப் பகுதி வேர்மூடியை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் முடிந்துவிடும். சாயம் ஏறியதும் நுனி மட்டும் கருஞ்சிவப்பாகத் தெரியும். அந்த 1 மி.மீ. துண்டை வைத்துக்கொண்டு மீதியைத் தயங்காமல் எறியுங்கள்.

அடுத்து, வேரின் வயதைப் பாருங்கள். பழைய காய்ந்த வேர்களைச் சுரண்டிவிட்டு, வெங்காயத்தின் அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். முழுக்க மூழ்கினால் அழுகும். இரண்டு மூன்று நாளில் 1 முதல் 2 செ.மீ. நீளத்துக்கு வரும் புது வேர்தான் வேண்டும். சின்ன வெங்காயமும் போதும். வெட்டியதை உடனே ஒரு பங்கு அசிட்டிக் அமிலம், மூன்று பங்கு எத்தனால் கலவையில் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். கலவையை அன்றன்றே தயாரியுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றினால் பல நாள் கெடாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பார்வையில் படும் செல்களில் பெரும்பாலானவை இடைநிலையில்தான், அதாவது ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் இடைப்பட்ட கட்டத்தில்தான், இருக்கும். அது உங்கள் தவறல்ல.

கேள்வி: செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. இன்னும் பலமாக அழுத்தலாமா?

அழுத்தம் குறைந்ததால் வந்த கோளாறல்ல இது, அமிலம் போதாததால் வந்தது. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைந்தால்தான் அவை பிரிந்து பரவும். 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸில் 5 முதல் 8 நிமிடம். குறைந்தால் கட்டியாக நிற்கும். கூடினால் நுனி கூழாகிவிடும், சாயமும் சரியாகப் பிடிக்காது. அமிலம் போகத் தண்ணீரில் நன்றாகக் கழுவிய பிறகே அசிட்டோகார்மைன் என்னும் சிவப்புச் சாயத்தை விடுங்கள். ஸ்பிரிட் விளக்கின் மேல் லேசாகச் சூடு காட்டினால் போதும், கொதிக்கக் கூடாது. கவர்ஸ்லிப்பை மூடி, பிளாட்டிங் பேப்பரை மடித்து வைத்து, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுபட்டாலும் செல்கள் சுருண்டு, குரோமோசோம்கள் நூல் கட்டாகிவிடும்.

சாயம் வெளிறினால் இரும்பு ஊசியால் கிளறிப் பாருங்கள். இரும்பு பட்டால் கார்மைன் கருக்கும்.

கேள்வி: வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். அனாஃபேஸில் 32 என்கிறார் ஆசிரியர். எது சரி?

இரண்டும் சரிதான். குரோமோசோமின் இரு இழைகளான குரோமேட்டிடுகள் சேரும் இடம் சென்ட்ரோமியர்; அதை எண்ணினால் குழப்பம் வராது. குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் மெட்டாஃபேஸில் 16 சென்ட்ரோமியர், ஒவ்வொன்றிலும் இரண்டு குரோமேட்டிடு. ஆகவே 16 குரோமோசோம். அனாஃபேஸில் குரோமேட்டிடுகள் விலகியதும் ஒவ்வொன்றும் தனிக் குரோமோசோம், மொத்தம் 32. சேய் செல்லுக்கு 16 வீதம் போய்ச் சேரும். டி.என்.ஏ. இரட்டிப்பாவது இதற்கெல்லாம் முன்பே, இடைநிலையின் எஸ் கட்டத்தில். அப்போது டி.என்.ஏ. அளவுதான் கூடுகிறது, குரோமோசோம் எண்ணிக்கை கூடுவதில்லை. தேர்வில் மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான்.

கேள்வி: விலங்குச் செல்போல இது ஏன் நடுவில் குறுகுவதில்லை?

சுவர் விறைப்பானது, குறுகாது. அதனால் நடுவில் நுண்பைகள் கூடி இணைந்து செல் தட்டாகி, உள்ளிருந்து வெளியே வளர்ந்து பக்கச் சுவரைத் தொடுகிறது. விலங்குச் செல்லில் ஆக்டின், மயோசின் வளையம் வெளியிலிருந்து உள்ளே இறுக்கும்.

கேள்வி: இதே ஸ்லைடில் மியாசிஸ் பார்க்க முடியுமா?

முடியாது. வேரில் நடப்பது குரோமோசோம் எண்ணிக்கை மாறாத மைட்டாசிஸ் மட்டுமே; மியாசிஸில் அது பாதியாகும். மியாசிஸ் வேண்டுமானால் விரியாத பூமொட்டின் மகரந்தப்பையை எடுங்கள். மொட்டு சிறியதாக இருக்கும்போதே எடுக்க வேண்டும்; சற்றுப் பெரிதானால் முதிர்ந்த மகரந்தம்தான் கிடைக்கும். பல அளவு மொட்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கேள்வி: செல் பிரிவைப் பாதியில் நிறுத்தும் கால்சிசின் செங்காந்தளில் இருக்கிறதாமே. கிழங்கை அரைத்து வேரை ஊறவைக்கலாமா?

இருப்பது உண்மை, அரைப்பது ஆபத்து. செடி முழுவதும் நச்சு, கிழங்கு உயிரையே எடுக்கும். ஆய்வகத்தில் 0.05 சதவீதக் கரைசலை, கையுறையோடு, ஆசிரியர் முன்னிலையில் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று மணி நேரம் போதும். அது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்க்கோல் இழைகள் உருவாகாமல் தடுப்பதால் செல்கள் மெட்டாஃபேஸிலேயே நின்று குவியும். குரோமோசோம் எண்ண வசதி, ஆனால் அனாஃபேஸ் கிடைக்காது. பிரியும் செல்களின் விகிதம் கணக்கிட அந்த ஸ்லைடை எடுக்காதீர்கள். அதற்கு மருந்து படாத வேர் வேண்டும்: 400 செல் எண்ணி 40 பிரிவில் இருந்தால் விகிதம் 10 சதவீதம்.